மோட்டார் சந்தில் பத்து மணி

நாற்பதாவது சிப்பாயின் வாள் நுனியில் கடைசி வெள்ளைப் புள்ளியை வைத்துவிட்டு வெள்ளிங்கிரி பிரஷ்ஷை எடுத்தபோது காலை மணி பத்து. அந்த நிமிஷம் சூரியன் நின்றது. கோயம்புத்தூரில் கணபதிக்கு வடக்கே, பம்புசெட்டு மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் பட்டறைகள் இரண்டு பக்கமும் நெருக்கிக் கிடக்கிற மோட்டார் சந்தில் மட்டும் நின்றது. அடுத்த சந்தில் அது வழக்கம்போல உச்சிக்கு ஏறி, சாய்ந்து, இறங்கி, அங்கே விளக்குப் போட்டார்கள். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. நின்றது. அவ்வளவுதான்.

வெள்ளிங்கிரிக்கு ஐம்பத்தெட்டு வயது. பல் லேபில் வேலை. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் கடைவாய்ப் பல்லுக்குத் தொப்பி செய்து, பக்கத்துப் பல்லின் மஞ்சளுக்கு ஒத்த மஞ்சளைத் தீட்டிக் கொடுப்பார். மற்ற நேரமெல்லாம் பொம்மைப் பட்டாளம். மேசைமேல் அட்டைக் குன்றும் பஞ்சு மரமும் வைத்து, சுண்டுவிரல் உயரப் பிளாஸ்டிக் சிப்பாய்களை டேப் பிடித்து அங்குலக் கணக்கில் நகர்த்தி, தாயம் உருட்டிப் போர் செய்கிற விளையாட்டு அது. ஞாயிறுதோறும் அவருக்கு எதிராளி, சந்தின் மேற்குக் கோடியில் மாடிவீட்டில் இருக்கிற காதர் மொய்தீன் ராவுத்தர். எழுபத்து நான்கு வயது. நாற்பது வருஷம் பழைய இரும்பு வாங்கி விற்றவர்.

பட்டாளத்துக்குக் கவசம் தீட்டச் சொன்னவரும் அவர்தான். "சில்வர் பெயிண்ட்டைத் தொட்டீன்னா அத்தனையும் ஜன்னல் வழியா வீசிப்போடுவேன், பாத்துக்க" என்றார். "அது பெயிண்ட்டு மினுக்கறது. எனக்கு இரும்பு மினுக்கோணும். இரும்புல கருப்பு இருக்கு, சாம்பல் இருக்கு, வெளிச்சம் விழுகற எடத்துல வெள்ளை இருக்கு. வேற ஒண்ணுமில்லே."

"தெரியும்" என்றார் வெள்ளிங்கிரி.

ஏழு மாதம் ஆயிற்று. பெயிண்ட் காயாமலிருக்க டிபன் பாக்ஸில் ஈர ஸ்பாஞ்சு, அதன்மேல் பட்டர் பேப்பர், அதன்மேல் பெயிண்ட்; கருப்பிலிருந்து சாம்பல், சாம்பலிலிருந்து வெளிர்சாம்பல், ஒவ்வொரு பூச்சும் பாலில் தண்ணீர் கலந்த மாதிரி நீர்த்து, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக முப்பது பூச்சு; காலை பத்து மணிக்குக் கிழக்கே நிற்கும் சூரியன் ஒரு எஃகுக் கவசத்தில் எங்கே பளீரென்று அடிக்கும், எங்கே மங்கும், கீழே தரையின் செம்மண் எந்த மடிப்பில் எட்டிப் பார்க்கும் என்று யோசித்து யோசித்து, தலைக்கவசம், தோள், மார்பு, முழங்கால், வாள் என்று நாற்பது பேருக்கும் ஒரே பக்கத்திலிருந்து ஒரே வெளிச்சம். அதைவிட நன்றாக அவர் கைக்கு வராது. அது அவருக்கே தெரிந்தது. சூரியனுக்கும் தெரிந்தது போலும்.

முதல் நாள் சந்தில் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டாம் நாள் பாதிப் பேர். மூன்றாம் நாள், அப்பளம் போட்டு விற்கிற கமலவேணி நான்கு ஈடு அப்பளம் காயப்போட்டு அள்ளிவிட்டாள், அதைப் பார்த்துப் பக்கத்துச் சந்துப் பெண்கள் ஈரத்துணி வாளியோடு வந்து கொடிக்கு இடம்பிடித்தார்கள், மாநகராட்சி ஆள் வந்து இனி இங்கே இது எதற்கு என்று தெருவிளக்கின் பல்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனான், கோழிகள் கூட்டை மறந்து நின்றபடியே தூங்கப் பழகின, பிள்ளைகளைத் தூங்கவைக்க ஜன்னலுக்கெல்லாம் லாரித் தார்ப்பாய் ஏறியது, வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வருகிற ராகுகாலம் இந்தச் சந்துக்குள் நுழைய வழியே இல்லை என்று ஒரு ஜோசியர் சொல்லிவிட, ஊரில் நிச்சயம் செய்கிறவர்களெல்லாம் தாம்பாளத்தோடு சந்துக்குள் வந்து வெற்றிலை மாற்றிக்கொண்டு போனார்கள். நிலா பார்க்க ஆசைப்பட்டவர்கள் அடுத்த சந்துக்கு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

"ஏனுங்ணா, நிறுத்துனதுதான் நிறுத்துனீங்க, ஒரு நாலு மணிக்கு நிறுத்தியிருந்தா கண்ணு கூசாதில்லீங்?" என்றாள் கமலவேணி.

"காயுதா?"

"காயுதுங்."

"அப்பறம் என்ன."

ஆனாலும் அவர் சோதித்துப் பார்க்காமல் இல்லை. பட்டாளத்திலேயே சிறியவனான முரசுக்காரனின் மார்பைக் கருப்பால் மூடினார். உடனே டீக்கடை முன்னால் முறம் அகலத்துக்கு ஓர் இருட்டு தொங்கியது. ஜனங்கள் அதைச் சுற்றி நடந்தார்கள். டீக்கடைக்காரர் குளுமையாக இருக்கிறதென்று பால் கேனை அதற்குள் தள்ளி வைத்தார். மறுபடி வெள்ளை தீட்டியதும் இருட்டு மூடிக்கொண்டது. இன்னொருவனின் பளபளப்பை மட்டும் ஒரு நெல் அளவு மேலே நகர்த்திப் பார்த்தார். சூரியன் ஆடுகிற பல் மாதிரி அசைந்தது, இடம் விடவில்லை. அழித்தால் சந்து இருண்டுபோகும். நகர்த்துவதென்றால் நாற்பதையும் ஒரே சமயத்தில் நகர்த்தவேண்டும். இந்தப் பெயிண்ட் ஐந்து நிமிஷத்தில் காய்ந்துவிடும், அவருக்கு இருப்பது ஒரு வலது கை. முடியாது என்று தெரிந்தபோது உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. செய்த வேலையைக் கெடுக்க யாருக்கு மனசு வரும்.

இதெல்லாம் நடந்தபோது ராவுத்தர் சந்தில் இல்லை. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பத்தொன்பதாம் நாள், ரமலான் பிறை தெரிந்த அன்று, வீட்டுக்குத்தான் போவேன் என்று அடம்பிடித்து வந்து சேர்ந்தார். மாடிப்படி குறுகல், ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. பட்டறைக்காரன் சின்ராசு செயின் பிளாக் போட்டு, மோட்டாரைத் தூக்குவது போல ராவுத்தரைப் பலகையோடு தூக்கி மேற்கு ஜன்னல் வழியாக உள்ளே இறக்கினான். இனி ஒரு மாதத்துக்கு அசைக்கக் கூடாது, அசைத்தால் எலும்பு மறுபடி விலகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நோன்பும் வேண்டாம் என்றார். ராவுத்தர் முதலாவதைக் கேட்டார்.

அடுத்த நாள் நோன்பு பிடித்தார். பள்ளிவாசல் பாங்கு சந்துக்கு வெளியிலிருந்து கேட்டது; அதை வைத்துப் பிடித்தார். சாயங்காலம் பாங்கு கேட்டபோது சந்தின் மற்ற நோன்பாளிகள் பேரீச்சம்பழத்தை மடியில் கட்டிக்கொண்டு அடுத்த சந்துக்கு நடந்து, அங்கே சூரியன் விழுந்ததைப் பார்த்து நோன்பு திறந்து, கஞ்சி குடித்துவிட்டுத் திரும்பினார்கள். ராவுத்தரின் மகள் ரஹ்மத்து தண்ணீர் டம்ளரோடு கட்டிலருகே நின்றாள். ராவுத்தர் ஜன்னலைப் பார்த்தார். மேற்கு வானம் காலைபோல நீலமாக இருந்தது.

"இன்னும் எறங்கலியே" என்றார்.

விஷயம் இதுதான். பத்தொன்பது வயதில், போத்தனூரில், எவனோ போட்ட வெடியைப் பள்ளிவாசல் வெடி என்று நினைத்து நாலு நிமிஷம் முந்தி நோன்பு திறந்துவிட்டார். அன்றைக்கே ஒரு நேர்ச்சை. இனிமேல் சூரியன் இறங்குவதைத் தன் கண்ணால் பார்த்துத்தான் வாயில் தண்ணீர் வைப்பேன். ஐம்பத்தைந்து வருஷம் தவறவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து உட்கார்ந்து, "உடம்பு முடியாதவருக்கு நோன்பே கடமையில்லை, அல்லாஹ் யாரையும் வருத்தச் சொல்லலை, திறங்க" என்று ஒரு மணி நேரம் சொன்னார். ராவுத்தர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "நீங்க சொல்றது சரிதான் ஹஜ்ரத். இது நானாப் போட்டுக்கிட்டது" என்றார். ஏற்றிய குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கிப் போட்டார்.

இரண்டாம் நாள் வந்தது. சந்தில் அதே பத்து மணி. மாடிச்சுவர் அனலடித்தது. ராவுத்தரின் உதடு வெடித்தது, நாக்கு தடித்தது, சர்க்கரைக்காரர் வேறு. கமலவேணி ஒரு யோசனை சொன்னாள். அவளுடைய அரக்குச் சிவப்புச் சேலையை மேற்கு ஜன்னலுக்கு வெளியே கட்டி, அதன் பின்னால் தார்ப்பாயை மெல்ல மெல்ல இறக்கினார்கள். அறை சிவந்து இருண்டது. ரஹ்மத்து டம்ளரை எடுத்தாள்.

"சேலை நல்லாருக்கு கமலவேணி" என்றார் ராவுத்தர், குரல் தேய்ந்து. "கோயம்புத்தூர்ல பொழுது எறங்கியும் ஒரு கொசுகூட வல்லியே, எங்க கொசு?" சேலையையும் தார்ப்பாயையும் அவிழ்த்துவிட்டார்கள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு வெள்ளிங்கிரியை வாசலுக்குக் கூப்பிட்டார். இன்று இரவுக்குள் தண்ணீர் உள்ளே போகவில்லை என்றால் சிறுநீரகம் நின்றுவிடும், அப்புறம் எதுவும் செய்வதற்கில்லை என்றார்.

வெள்ளிங்கிரி கட்டிலருகே போய் நின்றார். "குடிச்சுத் தொலை" என்றார்.

"பட்டாளத்தைக் கொண்டா, பாக்கறேன்" என்றார் ராவுத்தர். வெள்ளிங்கிரி சட்டைப் பையிலிருந்து ஒருவனை எடுத்து அவர் கையில் வைத்தார். ராவுத்தர் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இரும்பு" என்றார். "யோவ், இது இரும்புய்யா." அப்புறம் கண் சொருகியது.

வெள்ளிங்கிரி அந்தச் சிப்பாயை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வெளியே அடுத்த சந்தில் மணி ஐந்து. சூரியன் இறங்க ஒன்றரை மணி நேரம். அலமாரியில் மீதி முப்பத்தொன்பது பேரும் கிழக்கு வெளிச்சத்தில் ஜொலித்தார்கள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார்.

"நகர்த்தோணும்."

"எதைங்க?" என்றாள் வசந்தாமணி.

"சூரியனை."

அவள் அலமாரியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "எத்தன ஆளு வேணும்?"

"நாப்பது."

பதினெட்டு வீட்டில் அவள் தட்டாத கதவில்லை. காயில் சுற்றுகிறவர்கள், டீக்கடைக்காரர், டியூஷன் டீச்சர், ரஹ்மத்து, நோன்பு பிடித்திருந்த ஆறு பேர், சின்ராசு, அவன் பட்டறை ஆட்கள் என்று வந்தவர்களோடு வெள்ளிங்கிரியும் வசந்தாமணியும் சேர்ந்து முப்பத்தொன்பது பேர். இருக்கிற பிரஷ் போதாமல் கண்மைக் குச்சி, ஊசி, சீவிய ஈர்க்குச்சி என்று ஆளுக்கொன்று. ஒரு சிப்பாய் மட்டும் பெஞ்சில் தனியாக நின்றான். கமலவேணி தன் அப்பளத் தட்டிகளை விட்டு நகரவில்லை.

"மூணு கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டனுங்ணா. பொழுது போச்சுன்னா நான் எங்க காய வெப்பேன்? இருவத்தியோரு நாளா ஒருத்தரும் வேண்டாங்கலியே. அவரு ஒருத்தருக்காகச் சந்தே எதுக்கு இருட்டோணும்?"

நியாயமான கேள்விதான். வெள்ளிங்கிரிக்கு நியாயம் பேச வராது. "செத்துருவான்" என்றார்.

அவள் குனிந்து ஒரு வரிசை அப்பளத்தைத் திருப்பிப் போட்டாள். இன்னொரு வரிசை. பிறகு மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து பெஞ்சிலிருந்த சிப்பாயை எடுத்தாள். "இதை எங்க புடிக்கோணும்? கழுத்திலயா?"

"காலை."

நாற்பது பேர் சந்தின் நடுவில் வரிசையாக நின்றார்கள். பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொன்னார் வெள்ளிங்கிரி. நோன்பாளிகள் முழங்கையில் தேய்த்துக் கூராக்கினார்கள். முதலில் தலைக்கவசத்தின் உச்சிக்கு வெள்ளையைக் கொண்டுவரவேண்டும், பழைய வெள்ளையைச் சாம்பலால் மூடிக்கொண்டே. "உச்சி" என்றார். "ஒண்ணு, ரெண்டு, மூணு."

நாற்பது கை இறங்கியது. பூச்சு திட்டுத்திட்டாக, சுண்ணாம்பு அப்பினாற்போல. வெள்ளிங்கிரி பல்லைக் கடித்துக்கொண்டார். ஏழு மாதம் கண்ணெதிரே போனது. ஆனால் தலைக்குமேல் ஏதோ கரகரவென்று, துருப்பிடித்த கேட் திறப்பதுபோல, இருபத்தொரு நாளாக அசையாதது அசைந்து, நிழல்களெல்லாம் அவரவர் காலுக்குள் சுருண்டுகொள்ள, சூரியன் உச்சியில் வந்து நின்றது. கோழிகள் கத்தின. சின்ராசு விசில் அடித்தான்.

"வாயை மூடு. காயறதுக்குள்ள. இப்ப வலது தோள். ஒண்ணு, ரெண்டு, மூணு."

அங்கேதான் தவறு நடந்தது. சிப்பாய்கள் எல்லாரும் தீட்டுகிறவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். பாதிப் பேர் சிப்பாயின் வலது தோளில் வைத்தார்கள். பாதிப் பேர் தங்கள் வலது பக்கம் இருந்த தோளில் வைத்தார்கள். அது சிப்பாயின் இடது. முப்பது வருஷமாகப் பொம்மையின் வலதைத்தான் வலது என்று நினைத்துப் பழகியவருக்கு, உலகத்தில் இரண்டு வலது உண்டு என்பதே ஞாபகம் இல்லை.

துணி கிழிகிற சத்தம் கேட்டது. சூரியன் இரண்டானது. ஒன்று மேற்கே சாய்ந்தது, ஒன்று கிழக்கே திரும்பி ஓடியது. ஒவ்வொருவர் காலடியிலிருந்தும் இரண்டு நிழல் எதிரெதிராக நீண்டன. சூடு இரண்டு மடங்கானது. தட்டியில் அப்பளம் தானாகப் பொரிந்து உப்பியது, கொடியில் ஒரு வேட்டி புகைந்தது, தாரில் செருப்பு ஒட்டியது. மாடியிலிருந்து ராவுத்தரின் மனைவியின் குரல் வந்தது. "ரஹ்மத்து! அத்தா கண்ணு தொறந்துட்டாங்க, மூச்சு வாங்குது!"

ரஹ்மத்து சிப்பாயைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தாள். "வெச்சுட்டுப் போனா தீந்துது" என்று வெள்ளிங்கிரி கத்தினார். அவள் நின்றாள். அழுதபடியே நின்றாள்.

"வலதுன்னு தானேடா சொன்னேன்! வலது!"

"வலதுலதானுங்க வெச்சோம்!" என்று இருபது பேர் கத்தினார்கள். "நாங்களும் வலதுலதான்!" என்று மற்றவர்கள்.

வசந்தாமணி தன் சிப்பாயோடு அவர் முன்னால் வந்து நின்றாள். "இருவத்தெட்டு வருசமா எங்கிட்டயும் இப்பிடித்தான். ரெண்டு வார்த்தை, அப்பறம் கோவம். உங்க மனசுக்குள்ள இருக்கறது இவிங்களுக்கு எப்படிங்க தெரியும்? வாயைத் தொறந்து முழுசாச் சொல்லுங்க."

பெயிண்ட் காய இன்னும் மூன்று நிமிஷம். இரண்டு சூரியனும் முதுகையும் முகத்தையும் சுட்டன. அவர் வாயைத் திறந்தார்.

"எல்லாரும் தெக்கப் பாத்துத் திரும்புங்க. அப்பிடித்தான். சிப்பாயும் தெக்கப் பாக்கட்டும், அவன் முதுகு உங்க நெஞ்சைப் பாத்து இருக்கோணும், கொழந்தையை முன்னால வெச்சு வேடிக்கை காட்டறமில்ல, அது மாதிரி. இப்ப அவன் கை உங்க கை, அவன் தோள் உங்க தோள். தேர்முட்டிக்குப் போற பக்கம் மேக்க. அந்தப் பக்கத்துத் தோள்ல வெள்ளை இருக்கறவங்க கையை ஓங்கீட்டுச் சும்மா இருங்க, எதையும் தொடாதீங்க. தப்பாப் போச்சுன்னு பயப்படாதீங்க, தப்பு என்மேலதான், நான் சொல்லலை. மத்தவங்க பழசைச் சாம்பல்ல மூடீட்டு மேக்குத் தோளுக்கு மெதுவாக் கொண்டாங்க, அழுத்த வேண்டாம், பூனை முதுகைத் தடவறாப்பல. கமலவேணி, நல்லாருக்கு, அப்பிடியே."

அவர் வாழ்நாளில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. கிழக்குச் சூரியன் தயங்கியது, உச்சியைத் தாண்டிச் சறுக்கியது, மேற்குச் சூரியனோடு போய் ஒட்டிக்கொண்டது. ஒரு நிழல் போயிற்று. எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

அப்புறம் அவர் நிறுத்தவில்லை. தோளிலிருந்து மார்புக்கு இறக்குங்க, வெள்ளையில ஒரு சொட்டு மஞ்சள் விடுங்க, மார்புலருந்து இடுப்புக்கு, இப்பக் காவி, சாமி கும்பிடற குங்குமம் அளவுக்குச் சிவப்பு, இடுப்புலருந்து முழங்காலுக்கு என்று அவர் சொல்லச் சொல்ல, நாற்பது பேரும் தெற்கே பார்த்தபடி, சூரியனை ஒருவரும் பார்க்காமல், அதை இறக்கினார்கள். நிழல்கள் கிழக்கே நீண்டு சுவரேறின, சுவர் மஞ்சளாகி, சிவந்து, மங்கியது, அப்பளத் தட்டிகள் நீலமாயின, வேப்பமரத்தில் காக்கைகள் இருபத்தொரு நாளாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கத்தித் தீர்த்தன, யாரோ முழங்காலில் பட்டென்று அடித்துக் கொசு என்றார்கள்.

கடைசியில் சிப்பாய்களின் பூட்ஸ் ஓரத்தில் மயிரிழைச் சிவப்பு மட்டும் மிச்சம்.

"இப்பக் கருப்பு" என்றார் வெள்ளிங்கிரி. குரல் இறங்கிப்போயிருந்தது. "ஒண்ணு. ரெண்டு. மூணு."

சந்து இருட்டியது. அடுத்த சந்துப் பள்ளிவாசலில் பாங்கு எழுந்தது.

எல்லாரும் மாடி ஜன்னலைப் பார்த்தார்கள். அங்கே விளக்கில்லை. ரஹ்மத்து படியேறி ஓடினாள். ஒரு சத்தமும் வரவில்லை. மற்றவர்கள் கையில் பெயிண்ட் காயக் காய நின்றார்கள். வெள்ளிங்கிரி தன் கையிலிருந்த சிப்பாயைத் தடவினார். பளபளப்பும் இல்லை, கவசமும் இல்லை, கட்டிகட்டியாகக் கருப்பு அப்பிய பிளாஸ்டிக்.

பிறகு மேலே டம்ளர் சொம்பில் இடிக்கிற சத்தம். இன்னொரு முறை. மூன்றாவது முறை. இருமல். ரஹ்மத்து ஜன்னலுக்கு வந்தாள். "குடிச்சுட்டாங்க" என்றாள்.

சின்ராசு தரையில் உட்கார்ந்துவிட்டான். ஹஜ்ரத் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து ராவுத்தரின் குரல் இருட்டிலிருந்து இறங்கி வந்தது, ஈரம்பட்ட குரல்.

"யோவ் வெள்ளிங்கிரி. பாத்தேன். நல்லா எறங்குச்சு. நடுவுல ரெண்டு தடவை குலுங்குச்சு."

"புதுசு. எல்லாரும்."

"சரி. எறக்கியாச்சு. இனி ஏத்தறது யாரு?"

அதை ஒருவரும் யோசித்திருக்கவில்லை. எல்லா முகமும் வெள்ளிங்கிரியின் பக்கம் திரும்பின. அவர் கையிலிருந்த கருப்புப் பிளாஸ்டிக்கைப் பார்த்தார். விடிந்தாக வேண்டும். சந்துக்கு விடியாவிட்டால் நாளைக்குச் சாயங்காலமும் கிடையாது. மாடியில் இருக்கிறவர் நாளைக்கும் நோன்பு பிடிப்பார், அதில் சந்தேகமே வேண்டாம். அதற்கு அடுத்த நாளும். இன்னும் இருபத்தேழோ இருபத்தெட்டோ.

இருட்டில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கமலவேணி. தன் சிப்பாயை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை. தெற்கே பார்த்தபடி நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"ஏனுங்ணா, எத்தன மணிக்கு வரோணும்?"

வெள்ளிங்கிரி டிபன் பாக்ஸைத் திறந்து ஸ்பாஞ்சை அழுத்திப் பார்த்தார். ஈரம் இருந்தது.

"அஞ்சே முக்காலுக்கு" என்றார். அது போதாதென்று தோன்றியிருக்கவேண்டும். "கெழக்குப் பக்கத்துப் பூட்ஸ்லருந்து ஆரம்பிப்போம். மொதல்ல கருஞ்சிவப்பு, அப்பறம் காவி. பயப்பட ஒண்ணுமில்லே, நான் சொல்லச் சொல்லப் போட்டா போதும். கமலவேணி, நீ மாவுக் கையைக் கழுவீட்டு வா."